சான் ஆண்ட்ரியாஸின் புகைமூட்டம்

2004-இல் வந்த ‘ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் மங்கல். பிளேஸ்டேஷன் 2-இன் நினைவகம் வெறும் 32 எம்பி. தொலைவில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரைந்துகாட்ட அதற்குத் தெம்பில்லை. ஆகவே செம்மஞ்சள் மூட்டமொன்றைப் போட்டு மறைத்தார்கள். அந்த மறைப்பே ஊரைப் பெரிதாக்கிவிட்டது. விளையாட்டின் லாஸ் சாண்டோஸ் நகரில் வண்டியைக் கிளப்பி, காட்டுப்பாதைகளில் சுற்றி, இன்னொரு நகரமான சான் ஃபியரோ போய்ச் சேர்ந்தால் வேறொரு தேசத்துக்கே வந்துவிட்டது போலிருக்கும்.

2021 நவம்பரில் வெளியான அதன் புதுப்பித்த பதிப்பு ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ அந்த மூட்டத்தை விலக்கியது. விமானத்தில் கொஞ்சம் உயரப் பறந்தாலே மாநிலம் முழுதும் கண்ணில் விழுந்தது. அடடா, இவ்வளவுதானா! விளையாட்டில் வரும் ஒரு டோனட் கடையின் மேலிருந்த அறுகோண நட்டுகூட முனை மழுங்கி வட்டமானது. கடையின் பெயரே ‘டஃப் நட்’. யாரோ ஒரு கலைஞர் யோசித்து வைத்த குறும்பு, பளபளப்பில் காணாமல் போயிற்று.

நல்லதும் உண்டு. ஆயுதம் மாற்றுவது எளிது. பணியில் தோற்றால் உடனே மீண்டும் தொடங்கலாம். 2024 நவம்பரில் வந்த அப்டேட், பழைய வானத்தையும் ஒளியையும் திருப்பித் தந்தது. எல்லாவற்றையும் தெளிவாக்கிவிட்டு, பிறகு மங்கலைச் சிறப்பம்சமாகச் சேர்த்தார்கள்!

பழைய டிவிடியும் அது ஓடும் கருவியும் கையிலிருந்தால் புதியது வேண்டாம். புதிதாக ஆடுபவர் தள்ளுபடியில் வாங்கலாம். செட்டிங்ஸில் ‘கிளாசிக் லைட்டிங்’கைப் போட்டுவிட்டு ஆடுங்கள்.