ஊசியும் தூரிகையும்: மோசஸ் பாட்டியின் நிலக்காட்சி ஓவியங்கள்

அமெரிக்க ஓவியர் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் (1860–1961), 70 அகவை கடந்த பின்னரே தூரிகையை முறையாகக் கைக்கொண்டவர். ‘மோசஸ் பாட்டி’ என உலகம் போற்றிய அவரைப் ‘பயிலாத ஓவியர்’ என்று குறிப்பது திறனாய்வாளர் பலரின் வழக்கு. அவ்வழக்குப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நியூயார்க் மாநிலத்து உழவர் குடியிற் பிறந்த அவர், 12ஆம் அகவையிலேயே பிறர் மனையிற் பணிபுரியச் சென்றார். 1887இல் மணந்து, மக்கட் பதின்மரைப் பெற்று, ஐவரை மழலைப் பருவத்திலேயே இழந்தார். 1927இல் கணவர் மறைந்த பின்னர்க் கம்பளி நூலால் துணியிற் காட்சிகளைத் தைத்து வந்தார். மூட்டுவாதத்தால் விரல்கள் ஊசிக்கு இணங்காமற் போகவே தூரிகைக்கு மாறினார். 1938இல் மருந்துக்கடைச் சாளரத்தில் இருந்த அவர் படங்களை லூயிஸ் கால்டார் என்பார் கண்டு வாங்கினார். 1940இல் நியூயார்க் நகரில் தனிக்காட்சி நிகழ்ந்தது.

இவ்வரலாற்றில் ஊசியின் இடம் தக்கவாறு எண்ணப்படவில்லை என்பது எம் கருத்து. நூலின் நிறங்களைக் குழைத்தல் இயலாது. அடுத்தடுத்து வைத்தே நிழலும் ஒளியும் காட்டல் வேண்டும். அவர்தம் வேனிற் குன்றுகளில் பசுமையின் பல சாயல்கள் சிறுசிறு தீற்றல்களாக அடுத்து நிற்பது அப்பயிற்சியின் விளைவே. கை முன்னரே பயின்றிருந்தது. கருவி மட்டுமே மாறியது.

வானத்தை முதலில் தீட்டி, மலை, மரம், மனை என இறங்கி, மாந்தரை இறுதியில் அமைப்பது அவர் முறை. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கற்ற நமக்கு இம்முறையின் பொருத்தம் எளிதிற் புலனாகும். மேப்பிள் மரச்சாறு காய்ச்சுதலைக் காட்டும் 1943ஆம் ஆண்டு ஓவியத்தில் பனியும் தொலைவும் உயிர்ப்புடன் விளங்குகின்றன. மாந்தரோ பொம்மைகள் போல்வர். இதழ்ப் படங்களை வெட்டி வைத்து, அவற்றினின்று மனித வடிவங்களை அவர் வரைந்துகொண்டமை இதற்கு ஒரு காரணமாகலாம். கண்டு தேர்ந்த நிலம் ஆழம் பெற்றது. படியெடுத்த வடிவம் தட்டையாயிற்று.

தொலைபேசிக் கம்பங்களையும் உழவு இயந்திரங்களையும் அவர் விலக்கினார். துயரத்திற்கும் பெரிதும் இடந்தரவில்லை. இதனை அறியாமை என்பாருளர். ஐந்து குழந்தைகளைப் பறிகொடுத்த தாய் துயரறியாதவர் ஆதல் எங்ஙனம்? எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று துணிந்த தெரிவு அது. அத்தெரிவால் அவர் ஓவியத்தின் எல்லை குறுகியது உண்மை. ஆயினும், தெரிந்து விலக்கியவரைப் பயிலாதவர் என்றல் பொருந்தாது என்பதே எம் துணிபு.