‘தி சிம்ஸ்’ விளையாட்டில் வீட்டுக் கணக்கு: சொல்லும் விதியும்

0. முன்னுரை

கணிப்பொறி விளையாட்டைப் பனுவலாகக் கொண்டு ஆராயலாமா என்னும் வினா எழக்கூடும். பெயர், பட்டியல், அறிவிப்பு, கட்டளை ஆகியவை எழுத்தில் அமைந்து, அவற்றைப் படித்துப் பொருள் கொள்பவரே மேற்செல்ல முடியும் என்றால் அது பனுவலே ஆகும். வாழ்க்கையைப் போலி செய்யும் விளையாட்டுகளில் பெரிதும் அறியப்பட்ட ‘தி சிம்ஸ்’ இத்தகையது. அமெரிக்காவின் மேக்சிஸ் நிறுவனத்தில் வில் ரைட் உருவாக்கிய இவ்விளையாட்டு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. இதன் அடுத்த மூன்று முதன்மைப் பதிப்புகள் முறையே 2004, 2009, 2014ஆம் ஆண்டுகளில் வந்தன.

இவ்விளையாட்டில் வீட்டுச் செலவையும் பணத்தையும் குறிக்கும் சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு சொல் தன் வழக்காற்றால் ஒன்றைச் சொல்ல, விளையாட்டின் விதி வேறொன்றைச் செய்யுமானால், மொழிபெயர்ப்பாளர் எதனை மொழிபெயர்ப்பது என்பதே இங்கு எழும் சிக்கல். விளையாட்டின் அதிகாரபூர்வ மொழிகளுள் தமிழ் இடம்பெறவில்லை. ஆதலின் இங்குத் தரப்படும் தமிழ்ச் சொற்கள் ஆய்வு நோக்கில் முன்வைக்கப்படுவன.

1. வீட்டுக் கணக்கின் அமைப்பு

முதற்பதிப்பில் ஒரு குடும்பம் 20,000 சிமோலியன் என்னும் தொகையுடன் வாழ்வைத் தொடங்குகிறது. இத்தொகையில் மனையும் வீடும் வாங்கவேண்டும். கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றையும் வாங்கவேண்டும். எஞ்சியது கைப்பணம். வேலைக்குச் செல்லும் உறுப்பினர் ஊதியம் கொண்டுவருவர். மூன்று நாளுக்கு ஒருமுறை அஞ்சற்காரர் வீட்டு வாயிலிலுள்ள பெட்டியில் ‘பில்’களை இட்டுச் செல்வார். ஒருவர் சென்று அவற்றை எடுத்துப் பணம் செலுத்தவேண்டும். செலுத்தாது விட்டால் ஒருவர் வந்து வீட்டிலுள்ள பொருள்களை எடுத்துச் செல்வார். நான்காம் பதிப்பில் இத்தண்டனை வேறாகிறது. 2014இல் வெளிவந்த வடிவில், பணம் செலுத்தப்படாத வீட்டில் மின்சாரமும் பின்னர்த் தண்ணீரும் நிறுத்தப்படுகின்றன.

இங்குக் கருதத்தக்க ஒன்று உண்டு. பணம் செலுத்துதல் தானே நிகழும் கழிவு அன்று. அது ஒரு செயல். உறங்குதல், உண்ணுதல் போல அதற்கும் நேரம் வேண்டும். வேலைக்கு விரையும் நேரத்தில் பில் மறக்கப்படுகிறது. மறதிக்குத் தண்டனை உண்டு. பணமின்மையால் செலுத்தாதவரையும் மறதியால் செலுத்தாதவரையும் விதி வேறுபடுத்துவதில்லை. வீட்டுக் கணக்கு என்பது தொகையைப் பற்றியது மட்டுமன்று, கவனத்தைப் பற்றியதும் ஆகும் என்பதை இவ்வமைப்பு எளிதாக உணர்த்திவிடுகிறது. விளையாட்டின் சிறப்புகளுள் இது முதன்மையானது எனலாம்.

2. ‘பில்’ என்னும் சொல்

2.1. பொருண்மை முரண்

ஆங்கிலத்தில் இச்சொல் மின்சாரம், தண்ணீர், தொலைபேசி முதலியவற்றின் பயன்பாட்டுக்கு உரிய கேட்புச் சீட்டைப் பெரும்பாலும் குறிக்கும். ஆனால் விளையாட்டின் விதி அவ்வாறு கணக்கிடுவதில்லை. முதற்பதிப்பில் தொகை, வீட்டின் மதிப்பையும் அதிலுள்ள பொருள்களின் மதிப்பையும் ஒட்டியே அமைகிறது. பகல் முழுதும் விளக்கெரிக்கும் வீடும் விளக்கை அணைத்துவைக்கும் வீடும் மதிப்பில் ஒத்திருப்பின் ஒரே தொகையைச் செலுத்துகின்றன. சிக்கனம் என்பது குறைவாகப் பயன்படுத்துதல் அன்று, குறைவாக வைத்திருத்தல் என்றாகிறது. எனவே சொல்லளவில் இது கட்டணம். விதியளவில் இது சொத்து வரி.

நான்காம் பதிப்பில் முரண் மேலும் கூடுகிறது. அங்கும் தொடக்கத்தில் மதிப்பை ஒட்டியே தொகை கணக்கிடப்பட்டது; தண்டனையோ மின்துண்டிப்பு. வரியாகப் பிறந்து கட்டணமாகத் தண்டிக்கும் ஒன்றாக அது இருந்தது. சூழலியலை மையமாகக் கொண்டு 2020இல் வெளிவந்த விரிவாக்கமே மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றின் பயன்பாட்டையும் வீட்டிலேயே அவற்றை உண்டாக்குதலையும் கணக்கினுள் கொண்டுவந்தது. சொல்லின் பொருளை நோக்கி விதி நகர இருபது ஆண்டுகள் ஆயின.

2.2. தமிழில்

தமிழில் இப்பொருட்புலம் வேறுவகையாகப் பகுக்கப்பட்டுள்ளது. கட்டணம், வரி, தவணை, வாடகை, வட்டி எனத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. பேச்சு வழக்கில் ‘பில்’ என்னும் கடன்சொல் பணம் கேட்கும் சீட்டையும் பணம் பெற்றமைக்கான சீட்டையும் ஒருங்கே குறிக்கும். கடையில் ‘பில் போடுதல்’ உண்டு. மின்வாரியத்துக்குப் ‘பில் கட்டுதல்’ உண்டு. ‘ரசீது’ என்பது பின்னதற்கு மட்டுமே உரியது. ஆகவே அஞ்சல் பெட்டியில் விழும் தாளை ‘ரசீது’ என்று பெயர்ப்பது பிழையாகும். ‘கட்டணம்’ எனின் தருமொழிச் சொல்லுக்கு நேர்மை கிட்டும், விதிக்குக் கிட்டாது. ‘வரி’ எனின் விதிக்கு நேர்மை கிட்டும்; அஞ்சற்காரர் இட்டுச்செல்லும் அன்றாடத் தன்மை அகன்றுவிடும்.

இவ்விடத்தில் பெயரைக் காட்டிலும் வினையே துணைசெய்கிறது. ‘கட்டு’ என்னும் வினை வரி, கட்டணம், தவணை, வட்டி, சீட்டு ஆகிய அனைத்தோடும் இயைந்து வரும். காய்கறி விற்பவருக்குப் பணம் ‘கொடுப்பர்’. ‘கட்டுவர்’ என்பது வழக்கன்று. குறித்த காலத்தில் தவறாது ஒரு நிறுவனத்துக்குச் சேர்க்கவேண்டிய பணமே ‘கட்டப்படுவது’. ‘வாடகை’ இரண்டு வினையும் கொள்வது, அது ஆளுக்கும் கடமைக்கும் இடைப்பட்டு நிற்பதனால் ஆகலாம். விளையாட்டின் கட்டளையை ‘பில் கட்டு’ எனப் பெயர்த்தால் வரியா கட்டணமா என்னும் வினா எழாமலே இரண்டும் அடங்கும். ‘செலுத்து’ என்பது எழுத்து வழக்குக்குப் பொருந்துமேனும் இவ்வினையின் அழுத்தத்தைத் தருவதில்லை.

3. பொருளை எடுத்துச் செல்பவர்

பணம் கட்டாத வீட்டுக்கு வருபவரை ஆங்கிலப் பதிப்பு ‘ரெப்போ’ ஆள் என்கிறது. கடன் தந்தவர் தம் பொருளை மீளக் கைக்கொள்வதைக் குறிக்கும் நீண்ட சொல்லின் குறுக்கம் இது. தவணையில் வாங்கிய ஊர்தியைக் கடன் நிறுவனம் மீட்டுச் செல்வது இதன் இயல்பான சூழல். விளையாட்டிலோ எப்பொருளும் தவணையில் வாங்கப்படுவதில்லை. முழு விலை கொடுத்தே பெறப்படுகிறது. கடன் தந்தவர் எவரும் இல்லை. எனவே மீட்பும் இல்லை. தருமொழிச் சொல்லே இங்குப் பொருந்தாச் சொல்லாக உள்ளது.

இதனைத் தமிழில் ஒலிபெயர்த்தால் தீங்கு இரட்டிப்பாகும். தமிழ் நாளிதழ் படிப்பவருக்கு ‘ரெப்போ’ என்பது ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தையே நினைவூட்டும். மாறாக ‘ஜப்தி’ என்னும் சொல் தமிழில் வழங்குகிறது. வரி நிலுவைக்காகவோ நீதிமன்ற ஆணையாலோ ஒருவருக்கே உரிய பொருள் கைப்பற்றப்படுவதை அது குறிக்கும். மேலே கண்டவாறு பில் உண்மையில் வரியாயின், அதன் முடிவு ஜப்தியே. அண்டை வீட்டார் காணப் பண்டங்கள் வெளியேறும் நாணமும் அச்சொல்லில் உண்டு. பெயர்ப்பு மூலத்தைவிட விதிக்கு நெருக்கமாக அமையும் அரிய இடங்களுள் இது ஒன்று.

4. பணத்தின் பெயர்கள்

‘சிமோலியன்’ விளையாட்டுக்கெனப் புனைந்த சொல் என்று பலரும் கருதுவர். அஃது அவ்வாறன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அமெரிக்கக் கொச்சை வழக்கில் டாலரைக் குறித்த சொல் இது. நாணயத்தைக் குறித்த ‘சைமன்’ என்னும் கொச்சைச் சொல்லும் ‘நெப்போலியன்’ என்னும் பிரெஞ்சு நாணயப் பெயரும் கலந்து உருவாகியிருக்கலாம் என்பர். விளையாட்டின் மாந்தர் ‘சிம்’ எனப்படுவதால், ஆடுவோர் இதனைச் ‘சிம்’ என்னும் பகுதியுடைய சொல்லாகப் பிரித்து உணர்கின்றனர். பழஞ்சொல் ஒன்று மீள்பகுப்பால் புதுச்சொல்லாகத் தோன்றுவதற்கு இது நல்ல சான்று. தமிழில் ‘சிம்’ என்பது கைப்பேசியின் அட்டையையே முதலில் நினைவூட்டும். மீள்பகுப்பின் நயம் இங்குக் கிட்டாது. எனினும் ஒலிபெயர்ப்பே தக்கது. ‘ரூபாய்’ எனின் விலைகள் உண்மை விலைகளோடு ஒப்பிடப்பட்டு நகைப்புக்கிடமாகும். சட்ட நூல்களில் பிரிவைக் குறிக்கும் § என்னும் குறியே இப்பணத்தின் குறியாகவும் உள்ளது. அதற்குப் பெயர்ப்புத் தேவையில்லை.

பணத்தைக் குறுக்கு வழியில் பெறும் மறைசொற்கள் மேலும் சுவையானவை. முதற்பதிப்பின் ‘கிளப்பாசியஸ்’ போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் படைத்த, எதனையும் ஆக்கவல்ல கம்மியனின் பெயர். பின்னர் அது ‘ரோஸ்பட்’ என மாற்றப்பட்டது. ‘சிட்டிசன் கேன்’ (1941) திரைப்படத்தில் பெருஞ்செல்வன் ஒருவன் இறக்கும்போது உரைக்கும் சொல் அது. செல்வத்தால் மீட்கவியலாத இளமையின் அடையாளமான அச்சொல்லைத் தட்டச்சிட்டால் 1,000 சிமோலியன் கிட்டும் என்பது கூரிய அங்கதம். இரண்டாம் பதிப்பின் ‘கச்சிங்’ கடையின் பணப்பெட்டி எழுப்பும் ஒலிக்குறிப்பு. அதுவும் 1,000 தரும். ‘மதர்லோட்’ சுரங்கத்தின் முதன்மைத் தாதுப் படிவைக் குறிக்கும். அது தருவது 50,000. இலக்கியக் குறிப்பில் தொடங்கிய வரிசை ஒலிக்குறிப்புக்கும் பின்னர் வெளிப்படையான உருவகத்துக்கும் வந்து சேர்ந்தது. தொகை பெருகப் பெருக அங்கதம் மெலிந்தது எனலாம்.

5. பேச்சும் கணக்கும்

விளையாட்டின் மாந்தர் பேசுவது ‘சிம்லிஷ்’ எனப்படும் புனைமொழி. ‘சுல் சுல்’ என்பது வணக்கம். ‘நூபூ’ என்பது குழந்தை. நடிகர்கள் அவ்வப்போது கற்பனையாக ஒலித்தவற்றிலிருந்து உருவான இம்மொழி எந்நாட்டினர்க்கும் ஒருபடித்தாக விளங்காது. ஆதலின் குரலைப் பெயர்க்கும் தேவை இல்லை. பெயர்க்கப்படுவன எழுத்துகளே. விலை, இருப்பு, பில் ஆகியவை முழுதும் எழுத்தில் உள்ளன. மகிழ்ச்சியும் சினமும் பேச்சில் ஒலிக்கின்றன. பணமோ எழுத்தில் மட்டும் நிற்கிறது. இதனை இரட்டை வழக்கு என்றல் பொருந்தாது, ஒரே மொழியின் இரு வழக்குகள் அல்ல ஆதலின். ஆயினும் பயன்பாட்டுப் பகிர்வு ஒத்துள்ளது. தம் வீட்டு இருப்பை அம்மாந்தர் அறியார், ஆடுபவரே அறிவார்.

அவ்விருப்பும் ஒன்றே. எண்மர் வரை ஒரு வீட்டில் வாழலாம், பணப்பை ஒன்றுதான். தனி உடைமையோ மறைத்து வைத்த சேமிப்போ இல்லை. எனவே ‘குடும்பப் பணம்’ எனப் பெயர்ப்பதில் எச்சரிக்கை வேண்டும். வீட்டுச் செலவிலிருந்து பெண்கள் சிறுகச் சேர்த்துத் தனியே வைக்கும் பணத்துக்குச் ‘சிறுவாடு’ என்று பெயரிட்ட மொழி தமிழ். ஒரு குடும்பத்துள் பல பணங்கள் உண்டு என்பதை அச்சொல்லே காட்டும். விளையாட்டுக்குப் பொருந்துவது ‘வீட்டு இருப்பு’ என்னும் தொடரே.

6. மதிப்பீடு

இவ்விளையாட்டு நுகர்வுப் பண்பாட்டைப் போற்றுகிறதா, எள்ளுகிறதா என்பது நெடுநாளைய விவாதம். பொருள்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் என வாங்கப்பட்டு, பழுதாகி, நேரத்தை உண்ணத் தொடங்குவதை ரைட் சுட்டியுள்ளார். இதனை எள்ளல் என ஏற்க மறுத்து கோன்சாலோ பிராஸ்கா 2001இல் எழுதினார். சொற்களை மட்டும் நோக்கின் எள்ளல் மிகுதி. விதியை நோக்கின் அது குறைவு. மிகுதியாக வைத்திருப்பவர் மிகுதியாகக் கட்டுகிறார் என்பது ஒருவகை நீதியே. ஆனால் அமெரிக்க நடுத்தர வீட்டின் அச்சாணியாகிய வீட்டுக்கடன் அடிப்படை விளையாட்டில் இல்லை. வட்டி இல்லை, கடன்காரர் இல்லை. கடனில்லா உலகில் கடனுக்குரிய ‘ரெப்போ’ மட்டும் உலவுகிறது. இங்ஙனம் விதி மறைத்த ஒன்றைச் சொல் காட்டிக்கொடுக்கிறது. இதுவே விளையாட்டின் பெருங்குறை. ஆய்வாளர்க்கு அதுவே பெரும்பேறு.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன:

(1) விளையாட்டுப் பனுவலில் ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டும் முடிவு செய்வதில்லை. விதியும் முடிவு செய்கிறது. ஆகவே பெயர்ப்பாளர் சொற்பட்டியலைப் பெற்றால் போதாது. ஆடிப் பார்த்தல் வேண்டும்.

(2) பெயர்ச்சொல்லில் முரண் உள்ள இடத்தில் பெறுமொழியின் வினை இயைபு தீர்வு தரக்கூடும். ‘கட்டு’ இதற்குச் சான்று.

(3) தருமொழிச் சொல் விதியினின்று விலகும் இடத்தில் பெயர்ப்பு விதியைப் பின்பற்றலாம். ஆனால் அவ்விலகலே ஒன்றை உணர்த்துமாயின், திருத்தத்தால் அஃது இழக்கப்படும். ‘ஜப்தி’ விதிக்குப் பொருந்துகிறது. கடனில்லா உலகின் பொய்மையைக் காட்டும் ‘ரெப்போ’வின் பயன் அதில் இல்லை. இவற்றுள் எதனைக் கொள்வது என்பதைப் பெயர்ப்பாளர் அறிந்தே தெரிவு செய்யவேண்டும்.