பச்சை மை, கறுப்பு மை: ஒரு பழைய டிவி நிகழ்ச்சியை மறுபடி பார்த்தபோது

2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிபிஎஸ் டிவி '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் புளூம் எனர்ஜியைப் பற்றிக் காட்டினார்கள். அதன் நிறுவனர் கே.ஆர். ஸ்ரீதர் திருச்சி ஆர்.இ.சி.யில் படித்தவர், அதனால் எங்கள் பக்கம் அதற்குத் தனி மவுசு. எறையூரில் கரண்ட் எப்ப போகும், எப்ப வரும்னு தெரியாத காலம் அது. "அஞ்சு பத்து வருஷத்துல வீட்டுக்கு வீடு இந்தப் பெட்டி வந்துரும்பா"ன்னு அப்பாவிடம் போனில் சொன்னேன். வரவில்லை. போன வாரம் அதே வீடியோவை மறுபடி பார்த்தேன்.

ஸ்ரீதர் மணலைக் காட்டுகிறார். அதைச் சுட்டால் வெள்ளைப் பீங்கான் சில்லு. ஒரு பக்கம் பச்சை மை, மறுபக்கம் கறுப்பு மை. மையில் என்ன இருக்குங்கிறது ரகசியம். நிகழ்ச்சி அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறது. என் குறை இங்கேதான். மணல் கதையின் சுலபமான பாதி. கஷ்டமெல்லாம் அந்த இரண்டு மையில்.

அவர்களின் ரகசியம் எனக்குத் தெரியாது. ஆனால் பாடப்புத்தகத்து திட ஆக்சைடு எரிபொருள் கலத்திலும் இதே நிறங்கள்தான். நிக்கல் ஆக்சைடு பச்சை. அது எரிவாயுப் பக்கம். லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட் கறுப்பு. அது காற்றுப் பக்கம். நடுவில் சிர்கோனியா, ஆக்சிஜன் அயனியை மட்டும் விடும். வாயு, அயனி, எலெக்ட்ரான் மூன்றும் சேரும் முச்சந்தியில்தான் வினை நடக்கும்.

மாங்கனைட் அயனியை அவ்வளவாகக் கடத்தாது. 800 டிகிரிக்குக் கீழே சோர்ந்துவிடும். சரி, இரும்பும் கோபால்ட்டும் கலந்த பெரோவ்ஸ்கைட் போடலாம். அது இரண்டையும் கடத்தும், ஆனால் சுடும்போது சிர்கோனியாவோடு வினைபுரிந்து, மின்சாரத்தைத் தடுக்கும் ஸ்ட்ரான்சியம் சிர்கோனேட் படலத்தை உண்டாக்கும். அதைத் தடுக்க நடுவில் சீரியா அடுக்கு ஒன்று. கோபால்ட் கூடினால் வேறு தொல்லை: கோபால்டைட் சூட்டில் சிர்கோனியாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சில்லு பெயரும். நிக்கலுக்கோ கந்தகம் ஆகாது; ஈரம் குறைந்த மீத்தேனில் கரி படியும். எங்கள் ஊர் சர்க்கரை ஆலைக் கழிவில் சாண எரிவாயு மாதிரி வாயு எடுத்து இதில் விட்டால், ஹைட்ரஜன் சல்ஃபைடை முதலில் நீக்கியே ஆகணும்.

இதையெல்லாம் டிவியில் சொல்ல முடியுமா? முடியாதுதான். சந்தேகப்படுகிற ஒருவரையும் பேச வைத்தார்கள், அதையும் சொல்லணும். ஆனால் அவர் பேசியதும் சந்தை, போட்டி பற்றியே. "இந்த மை எத்தனை மணி நேரம் தாங்கும்?"னு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இரவு பகலாக ஓடினால் 40,000 மணி நேரம் என்பதே நாலரை வருஷம்தான். அணைத்து அணைத்து ஏற்றினால் விரிசல் சீக்கிரம். வீட்டுப் பெட்டி 3,000 டாலருக்குள் வரும் என்ற பேச்சை அந்தக் கேள்வியோடு சேர்த்துக் கேட்டிருந்தால் நானும் அப்பாவிடம் அடக்கி வாசித்திருப்பேன்.

புளூம் தோற்றுப் போகவில்லை. 2018-ல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. டேட்டா சென்டர்களுக்குப் பெட்டி விற்கிறது. நிற்காமல் ஓடும், பராமரிக்க ஆள் இருக்கும் இடங்கள் அவை. மோட்டார் ஓட நாலு மணி நேரம் கரண்ட் கேட்கிற கிராமத்து வீட்டின் நிலைமை நேர் எதிர்.

இனி புது எலெக்ட்ரோடு பற்றிச் செய்தி வந்தால் உச்ச வாட் கணக்கை விட்டுவிட்டு மூன்றைத் தேடுங்கள்: எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள், எந்த வாயுவில், எத்தனை முறை ஆறவிட்டுச் சூடேற்றினார்கள். அப்பாவிடமும் இதைச் சொன்னேன். "அப்ப இன்வெர்ட்டர் பேட்டரிய மாத்திரு"ன்னார்.