நாற்காலியில் நின்றுவிட்ட உளி

புதுப்பிக்கப்படும் நம் ஆலயங்களில் பீடமுற்றத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். மரச் செதுக்கு வேலைக்கென ஒதுக்கப்படும் பணமும் உழைப்பும் பெரும்பாலும் ஒரே பொருளில் போய்ச் சேருகின்றன. அதுவே அருள்பணியாளரின் இருக்கை. ஆள் உயரத்தையும் மிஞ்சும் சாய்வு, உச்சியில் மகுடம், கைப்பிடிகளில் சிங்கமுகம், கால்களில் புலிநகம்! அதனருகே இறைவாக்கு வாசிக்கப்படும் இடமோ, ஒட்டுப்பலகையால் ஆன, ஒருவரே தூக்கி நகர்த்தக்கூடிய ஒரு சாய்மேசை.

திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை இவ்விரண்டையும் அடுத்தடுத்த எண்களில் பேசுகிறது. இறைவாக்கின் மாண்புக்கேற்ப நிலையான மேடை வேண்டும், வெறும் நகரும் சாய்மேசை போதாது என்பது 309ஆம் எண்ணின் கருத்து. தலைவரின் இருக்கை அரியணையின் தோற்றம் கொள்ளலாகாது என்பது 310. நாமோ இரண்டையும் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். ஆடம்பரத்தை விட உயரிய அழகையே நாடவேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் கூறியதையும் இங்கு நினைவுகூர்வது தகும்.

செதுக்கு வேலையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. 1605இல் அர்ச்சிக்கப்பட்ட கோவா போம் ஜேசு பேராலயத்தின் மறையுரை மேடையைப் பாருங்கள். அதன் பக்கங்களில் இயேசுவும் நான்கு நற்செய்தியாளரும் திருச்சபையின் மறைவல்லுநர் நால்வரும் செதுக்கப்பட்டுள்ளனர். அடியில் ஏழு உருவங்கள் மேடையைத் தாங்கி நிற்கின்றன. அலங்காரம் மிகுதிதான், நம் கண்களுக்குச் சற்றே திகட்டவும் கூடும். ஆயினும் அங்குள்ள ஒவ்வோர் உருவத்திற்கும் அங்கு நிற்கக் காரணம் உண்டு. நற்செய்தி முழங்கும் இடத்தை நற்செய்தியாளர் சூழ்ந்திருக்கின்றனர். நம் இருக்கையின் சிங்கம் எதைச் சொல்ல அங்கு வந்தது? மாற்குவின் அடையாளம் என்று சிலர் விளக்கக்கூடும். அரண்மனை நாற்காலிப் படத்திலிருந்து வந்தது என்பதே உண்மைக்கு அருகில்.

நம்மிடம் கைவினைஞர் இல்லாமலில்லை. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் வாகை, மா முதலிய மரங்களில் ஒரே கட்டையிலிருந்து முழு உருவையும் வடித்தெடுக்கின்றனர். அவ்வூர் மரச்சிற்பம் 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. ஆனால் ஆலயங்களுக்கு வரும் இருக்கைகள் பலவற்றில் இன்று கணினி வழி இயங்கும் இயந்திரத்தின் வேலையே காணப்படுகிறது. மேலிருந்து மட்டுமே குடையும் இயந்திரத்தால் இலையின் அடிப்புறத்தைக் குடைந்து, பின்னே நிழல் விழச் செய்ய இயலாது. இடக்கொடியும் வலக்கொடியும் கண்ணாடியில் பார்த்தாற்போல் ஒத்திருக்கும். கைவேலைக்காரர் மர ரேகை திரும்பும் இடத்தில் உளியையும் திருப்புவார். இல்லையேல் இழை பிய்ந்துவிடும். அந்தத் திருப்பத்தில்தான் கொடிக்கு உயிர் வருகிறது. எங்கள் ஆர்.கே.பேட்டை நெசவாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கைத்தறிச் சேலையையும் விசைத்தறிச் சேலையையும் விரலால் தொட்டே பிரித்தறிவர். இயந்திர வேலை பாவமன்று. கைவேலை என்று சொல்லி, அதற்குரிய விலையை நன்கொடையாளரிடம் பெறுவதுதான் நேர்மையற்றது.

இருக்கையில் இன்னொரு குறையும் உண்டு. முதுகு சாயும் இடத்தில் ஆழ்ந்த புடைப்பு வேலை இருந்தால் அமர்ந்திருப்பவர் படும் பாடு, மறையுரை கேட்கும் மக்களுக்குத் தெரியாது! சாய்வின் நடுப்பகுதியை வழவழப்பாக விட்டு, மேற்சட்டத்தில் மட்டும் சிறு வேலை செய்தாலே போதுமானது.

எஞ்சும் மரமும் கூலியும் வாசக மேடைக்குப் போகட்டும். தச்சரிடம் ஏதோ ஒரு படத்தை நீட்டி இதைப் போலவே வேண்டும் என்று சொல்வதை விடுத்து, அங்கு என்ன வாசிக்கப்படுகிறது என்று சொல்லலாம். விதைப்பவர் உவமையைச் சொன்னால், கோதுமையை வயலில் கண்டிராத அவர் நெற்கதிரைச் செதுக்குவார். விடுதலைப்பயண நூலில் பெட்சலேல் மரம் செதுக்கும் திறமையைக் கடவுளின் ஆவியிடமிருந்து பெறுகிறார். சந்திப்புக் கூடாரத்துக்கு வேண்டியதைச் செய்கிறார். அந்நூலின் பட்டியலில் பேழை உண்டு, மேசை உண்டு, விளக்குத்தண்டு உண்டு. குருவுக்கு நாற்காலி மட்டும் காணோம்.