மூன்ஃப்ளீட் (நாவல்)

மூன்ஃப்ளீட் (1898) ஆங்கில எழுத்தாளர் ஜே. மீட் ஃபாக்னர் எழுதிய வரலாற்றுச் சாகச நாவல். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் வாழ்ந்த கடத்தல்காரர்களைப் பின்புலமாகக் கொண்டது. இரு குடும்பங்களின் பகையையும் அதற்கு நடுவே உருவாகும் காதலையும் சொல்கிறது. 1955-ல் ஃப்ரிட்ஸ் லாங் இயக்கத்தில் இதே பெயரில் திரைப்படமாக வெளிவந்தது.

கதைச்சுருக்கம்

கதை 1757-ல் தொடங்குகிறது. பெற்றோரை இழந்த 15 வயது ஜான் ட்ரென்சார்ட் தன் கதையைத் தானே சொல்கிறான். மது விடுதி நடத்தும் எல்செவிர் பிளாக் ரகசியமாகக் கடத்தலில் ஈடுபடுபவர். கடத்தல் படகு ஒன்று பிடிபடும்போது அவருடைய மகன் டேவிட்டை மாஜிஸ்திரேட் மாஸ்க்யூ சுட்டுக் கொல்கிறார். பின்னர் விடுதியின் குத்தகையையும் ஏலத்தில் பறித்துக்கொள்கிறார். அத்தை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜானை எல்செவிர் மகன்போல் ஏற்கிறார். ஜானோ மாஸ்க்யூவின் மகள் கிரேஸை நேசிக்கிறான்.

கடத்தல்காரர்களிடம் சிக்கிய மாஸ்க்யூ, படைவீரர்களின் குண்டு பட்டு இறக்கிறார். கொலைப்பழி எல்செவிர், ஜான் இருவர்மீதும் விழுகிறது. தலைமறைவான அவர்கள் மோகூன் குடும்பத்தின் வைரத்தைக் கண்டெடுக்கிறார்கள். அதை ஹாலந்தில் விற்க முயன்று ஏமாற்றப்பட்டு, நீண்டகாலம் கைதிகளாகிறார்கள். அவர்களை ஜாவாவுக்குக் கொண்டுசெல்லும் கப்பல் மூன்ஃப்ளீட் கரையிலேயே உடைகிறது. ஜானைக் கரைசேர்த்துவிட்டு எல்செவிர் இறக்கிறார். ஜான் கிரேஸை மணக்கிறான்.

மதிப்பீடு

மாஸ்க்யூவைக் கொல்ல எல்செவிர் துப்பாக்கியை உயர்த்தும் இடமே நாவலின் உச்சம். இறந்த மகனுக்காகப் பழிவாங்க முயலும் அவரை, அந்த மகனின் இடத்துக்கு வந்த ஜான் தடுக்கிறான். கிரேஸின் தந்தை சாவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் அங்கேயே ஆசிரியர் பின்வாங்குகிறார். எங்கிருந்தோ வரும் குண்டு மாஸ்க்யூவைக் கொல்வதால் எல்செவிரின் கையில் ரத்தம் படவில்லை. ஜான் கிரேஸை மணக்கவும் தடையில்லை. குடும்பப்பகை எழுப்பிய அறக்கேள்வியைத் தற்செயல் தீர்த்துவைக்கிறது.

கடத்தல் தொழிலையும் நாவல் ஆராய்வதில்லை. சட்டத்தின் பிரதிநிதியான மாஸ்க்யூவிடம் வன்மம் மட்டுமே உள்ளது. கடத்தல்காரர்களிடம் விசுவாசமும் பாசமும் உள்ளன. வாசகன் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது. கிரேஸ் குறைவான பக்கங்களிலேயே வருகிறாள். கடலில் செல்வோருக்காக அவள் சன்னலில் ஏற்றிவைக்கும் விளக்கு நினைவில் நிற்கும் அளவுக்கு அவள் நிற்பதில்லை.

இக்குறைகளைத் தாண்டி நாவலை நிலைநிறுத்துவது எல்செவிருக்கும் ஜானுக்குமான உறவு. தீய வழியில் வந்த செல்வம் குறித்துக் கிரேஸ் எச்சரித்தும் ஜான் வைரத்தை விடவில்லை. எல்செவிர் கைவிடத் துணிந்த வைரத்தை மீட்க அவனே வற்புறுத்துகிறான். அவன் பொருட்டு அவரும் சிறைப்படுகிறார். தன் பேராசைக்கு இன்னொருவர் வாழ்க்கையால் விலைகொடுத்தார் என்ற குற்றவுணர்வே ஜானின் குரலுக்குக் கனம் தருகிறது. காதல் நாவலை முடித்துவைக்கிறது. அதைத் தாங்கி நிற்பது, மகனை இழந்தவரும் தந்தையை இழந்தவனும் ஒருவரில் ஒருவர் கண்டடையும் பாசமே.