வல்லெழுத்து மெலிவு: ஒரு மறுநோக்கு

தமிழில் வல்லெழுத்துகள் சொல்லிடையே மெலிந்தன என்பது மொழிநூற் கட்டுரைகளில் பெரிதும் வழங்கும் கூற்று. தம்முள் வேறாகிய மூன்றனை அக்கூற்று ஒன்றென மயக்குகின்றது. அவற்றைப் பிரித்துக் காண்டல் ஈண்டு நம் நோக்கம்.

முதலாவது, இடம்பற்றிய ஒலிவேறுபாடு. திருச்சிராப்பள்ளியிலுள்ள கே.கே. நகரின் பெயரை ஒருவர் கூறக் கேட்பின், 'கே' என்பதன் ககரம் வன்மையுற்றும் 'நகர்' என்பதன் ககரம் நெகிழ்ந்தும் ஒலித்தலை உணரலாம். மொழிமுதலிலும் இரட்டுமிடத்தும் வன்மை. உயிர்களுக்கிடையே தனித்து நிற்குமிடத்து மென்மை. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) இதனை விதியாக வகுத்தார். அயற்சொற்கள் நீங்கலாக, ஒன்று வருமிடத்து மற்றொன்று வாராமையின், இவை ஓர் ஒலியனின் மாற்றொலிகளே. ஆகவே, ஒலிப்புடை வல்லெழுத்துகளுக்குத் தனி வரிவடிவம் இன்மை நெடுங்கணக்கின் குறையன்று. மேலும், அவ்விதி இடத்தைக் கூறுமேயன்றிக் காலத்தைக் கூறாது. 'நகர்' என்பதன் ககரம் முன்னொருகால் வன்மையாக ஒலித்துப் பின்னர் மெலிந்தது என்பதற்கு அது சான்றாகாது.

இரண்டாவது, வரலாற்று மாற்றம். பகுதி 'பாதி' எனவும், மிகுதி 'மீதி' எனவும், அகப்பை 'ஆப்பை' எனவும் ஆயின. இவற்றுள் ககரம் நெகிழ்ந்து முற்றும் மறைய, முன்னின்ற உயிர் நீண்டது. பழவடிவும் புதுவடிவும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. முதலிரண்டில் பொருளும் வேறுபட்டுவிட்டது. இஃது ஐயத்திற்கிடமற்ற மெலிவு. இலத்தீனில் 'வாழ்க்கை' எனப் பொருள்படும் சொல்லின் தகரம் இசுபானியத்தில் ஒலிப்புடையதாகிப் பிரெஞ்சில் அறவே மறைந்தமை இதனோடு ஒப்பிடத்தக்கது. கன்னடத்திலோ மெலிவு மொழிமுதலிலேயே நிகழ்ந்தது. பழங்கன்னடப் பகரம் ஹகரமாக, 'பாலு' என்பது 'ஹாலு' ஆயிற்று. அங்கு எழுத்தே மாறினமையின் மாற்றம் வெளிப்படை.

மூன்றாவது, நன்னூலார் செய்யுள் விகாரங்களுள் ஒன்றாகக் கூறும் மெலித்தல். 'தட்டை' என்பது 'தண்டை' என வருதல் போல, வல்லினம் மெல்லினமாகத் திரிதலே அது. செய்யுள் நோக்கி நிகழும் அதனை ஒலிநெகிழ்வோடு இணைத்தற்குப் பெயரொற்றுமையன்றி வேறு காரணம் இல்லை.

எனவே, முதலதனை இடநெகிழ்வு என்றும், இரண்டாவதனை வரலாற்று நெகிழ்வு என்றும் வழங்கி, மெலித்தல் என்னும் பெயரை இலக்கணத்திற்கே விட்டுவிடுதல் நன்று. எழுத்திலோ வடிவிலோ மாற்றம் காணப்படாதவழி, இன்றைய ஒலிப்பு ஒன்றனையே கொண்டு பண்டை ஒலியை முடிவுசெய்தல் ஆராய்ச்சியாகாது.