எட்டே அரைக்காலும் எண்சுவடியும்

போன வாரம், ஏழாவது படிக்கிற என் பொண்ணு 2½ × 3¼ என்ற கணக்குக்கு 6⅛ என்று விடை எழுதியிருந்தாள். முழு எண்ணை முழு எண்ணோடும், பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்கியிருக்கிறாள். "தகா பின்னமாக மாற்று" என்று சிவப்பு மையில் குறிப்பு. மாற்றினால் 5/2 × 13/4 = 65/8, அதாவது 8⅛. சரிதான். ஆனா அந்த 2 எங்கே காணாமல் போச்சுன்னு அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அந்த எரிச்சலில்தான் எண்சுவடியை மறுபடி எடுத்தேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு நூல். அதன் பின்னங்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருமூணு ஆறு, இரண்டு கால் அரை, மூணு அரை ஒன்றரை, அரையில் கால் அரைக்கால். கூட்டினால் எட்டே அரைக்கால். நாலு துண்டும் கண்ணுக்குத் தெரிகிறது. பொண்ணு விட்டது நடு இரண்டையும்: அரை, ஒன்றரை. சேர்த்தால் காணாமல் போன 2.

இன்னொரு அழகு. மா என்பது 1/20, மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320. காலை மாவால் பெருக்கினால் காணி. மாவை மாகாணியால் பெருக்கினால் முந்திரி. முந்திரிக்கும் கீழே போனால் 'கீழ்' என்ற முன்னொட்டு: முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி, 1/1,02,400. பெருக்கல் விடைக்கும் ஒரு பெயர் காத்திருக்கிறது. நல்ல டேட்டா டைப் டிசைன் என்றுதான் சொல்வேன். 2019-ல் இந்தக் குறிகள் யூனிகோடிலும் ஏறிவிட்டன.

இங்கேதான் பெருமைப் பதிவுகளோடு எனக்குச் சண்டை. முந்திரி, இம்மி என்று பட்டியல் போட்டு 'அணுவையே அளந்தான் தமிழன்' என்று சுற்றுகிறதே, ஒருகாலத்தில் நானும் பகிர்ந்திருக்கிறேன். ஆனால் இவை நெல்லும் நிலமும் காசும் அளந்த கணக்கு. இருபது மா ஒரு வேலி. அந்தத் தேவைதான் பின்னங்களுக்கு உருவம் கொடுத்தது, எல்லையும் போட்டது. 320-ஐப் பிரித்தால் ஆறு 2, ஒரு 5, அவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்கு முந்திரியிலோ கீழ்முந்திரியிலோ துல்லியமாக வராது. கம்ப்யூட்டருக்கு 0.1 எப்படியோ, இதற்கு 1/3 அப்படி.

பெரிய குறை இன்னொன்று: சுவடி விடையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பள்ளிப் பாடத்தின் தகா பின்ன வழி எந்தப் பின்னத்துக்கும் செல்லும். அந்தப் பலம் சுவடிக்கு இல்லை. ஆனா காரணத்தை மறைப்பதில் ரெண்டும் பங்காளிகள்.

கடைசியில் கட்டம் போட்ட தாளில் இரண்டரைக்கு மூன்றேகால் செவ்வகம் வரையச் சொன்னேன். நாலு துண்டாகப் பிரித்தாள். விட்டுப்போன ரெண்டு துண்டை அவளே எண்ணிக் கண்டுபிடித்தாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்காவது மாகாணி வாய்ப்பாடு இன்னும் ஞாபகம் இருந்தால், தயவுசெய்து குரலைப் பதிவு செய்து வையுங்கள்.